முன் ஆக்சில்

என் தாய்மாமாவுக்குத் திருத்தணியில் பட்டறை இருந்தது. லாரி, பஸ், ஜீப் எது வந்தாலும் பட்டை வேலை மட்டும்தான் பார்ப்பார். எஞ்சின், கியர்பாக்ஸ் என்று யாராவது வந்தால் அடுத்த பட்டறையைக் கைகாட்டிவிடுவார். வண்டியின் பாரத்தைச் சுமக்கிற கமான் பட்டைகளைக் கழற்றுவது, முறிந்ததை மாற்றுவது, படுத்துப்போனதற்கு வளைவு ஏற்றுவது, திரும்பக் கட்டுவது. இவ்வளவுதான் தொழில். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் எனக்கு அங்கேதான் கழிந்தது.

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று ஏறி மதனப்பள்ளி தாண்டி அனந்தபூர் வரைக்கும் போகிற அந்தச் சாலைக்கு அப்போது என்.எச். 205 என்று பெயர். மதனப்பள்ளித் தக்காளி அதில் வரும். கடப்பா கல் அதில் வரும். சித்தூர்ப் பக்கத்து மாம்பழம் வெயில் காலத்தில் வரிசை கட்டி வரும். ஊரே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது; ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினாலும் பட்டறையில் பேச்சு மாறவில்லை. ஒரே வாக்கியத்தில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். மாமாவுக்கு இரண்டும் தாய்மொழி மாதிரி. டிரைவர்களுக்கு அவர் 'மேஸ்திரி காரு'.

கல் ஏற்றுகிற லாரியும் தக்காளி ஏற்றுகிற லாரியும் அடுத்தடுத்து நின்றால், சரக்கைப் பார்க்காமலே எது எது என்று மாமா சொல்லிவிடுவார். கல் லாரியின் பட்டைகள் வளைவு செத்துத் தட்டையாகிக் கிடக்கும். தக்காளி லாரியில் பட்டைகள் நன்றாக இருக்கும், ஆனால் சாக்கிள் புஷ் தேய்ந்து கடகடக்கும். நேரத்துக்கு மார்க்கெட் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரி முழுக்கப் பள்ளம் பார்க்காமல் ஓட்டிய வண்டி அது.

வளைவு ஏற்றும் வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். யு போல்ட்டைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டை வெட்டி எடுத்தால் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். நடுவே பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிக் கறுத்திருக்கும். அதைச் சுரண்டி, ஒவ்வொரு பட்டையையும் குழிந்த பக்கம் மேலே வருகிற மாதிரி இரண்டு முட்டுக்கு நடுவே கிடத்தி, பெரிய சம்மட்டியால் அடிப்பார்கள். ஒரே இடத்தில் இரண்டு தரம் அடிக்கக்கூடாது. விரற்கடை விரற்கடையாகத் தள்ளித் தள்ளி அடி விழ வேண்டும். அடுப்பில் காய்ச்சி வளைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பட்டையின் பதம் போய்விடும். பதம் போன பட்டை இரண்டு நடை கல் ஏற்றினாலே படுத்துவிடும். காய்ச்சி வளைக்கிற பட்டறைகளும் அந்த ரோட்டில் இருந்தன. மாமா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

லாரியின் முன் ஆக்சிலை நான் முதலில் கண்டது அடியில் மல்லாந்து படுத்துத்தான். ஒரே துண்டாகக் காய்ச்சி அடித்தெடுத்த எஃகு உத்தரம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி தெரியும். எஞ்சினுக்கு இடம் விட நடுவில் இறங்கி, இரண்டு முனையும் மேலே ஏறியிருக்கும். முனைகளில் கிங் பின். அந்தப் பின்னைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குமேல் எந்த மர்மமும் இல்லை. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டச் சொல்வார் மாமா. ஆட்டம் தெரிந்தால் கிங் பின் போச்சு. அப்புறம் இடது வலது ஓரத்தில் பிடித்து ஆட்டு என்பார். அதில் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்ட். எட்டாவது படிக்கிற பையன் கையாலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

லாரிக்கு ஏன் இன்னமும் இந்த உத்தரம் என்று பிற்பாடு பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் முழுசாகப் புரிந்தது. காலி லாரிக்கும் பாரம் ஏற்றிய லாரிக்கும் சேஸ் நிற்கிற உயரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி ஆர்மில் தொங்கவிட்டால், பாரம் ஏற ஏற ஆர்மின் கோணம் மாறும். கோணம் மாறினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும். சாய்ந்தால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். உத்தரத்தில் பூட்டிய சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலே ஒரு டன் இருந்தாலும் பத்து டன் இருந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். இரண்டு டயர் மட்டும் உள்ள முன் ஆக்சிலுக்கு நம் நாட்டில் முன்பு 6 டன்தான் அனுமதி. 2018-இல் அதை 7 டன்னாக உயர்த்தினார்கள். அது காகிதத்தில். என்.எச். 205-இல் கல் லாரிகள் அந்த நாளில் சுமந்தது என்ன என்பது மாமாவின் சம்மட்டிக்குத்தான் தெரியும். அந்த மாதிரி பாரத்தைத் தினமும் சுமந்து, முறிந்தாலும் ரோட்டோரத்துத் தகரக் கொட்டகையில் சரி செய்துகொள்ளக்கூடிய ஒன்றுதான் டிரைவருக்கு வேண்டும். லாரிக்கு முழு ஆக்சில்தான் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

ஜீப் விஷயத்துக்கு வந்தால்தான் பேச்சு நீளும்.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் போகிற ஊர்களுக்கு அப்போது பஸ் குறைவு. ஷேர் ஜீப்தான் கதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் வம்சம் எல்லாம். 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்.பி.யின் முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை. மஹிந்திரா நாற்பதுகளின் கடைசியில் பம்பாயில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியபோதும் அதேதான். எண்பதுகளில் வந்த எம்.எம். 540-லும் அதேதான். 1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸி வந்தது. ஜப்பான் வண்டி என்று வியந்தார்கள். கீழே குனிந்து பார்த்தால் அதிலும் நான்கு பட்டை, இரண்டு முழு ஆக்சில். 2019 வரை அப்படியே ஓடியது.

மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும். ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்கள் துண்டாகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் பாலத்தின் இரு முனையிலும் அரித்துப்போன பள்ளம், உருண்டு வந்த கல். அதில் இறங்கி ஏற ஃபோர் வீல் ஜீப் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இருந்தால் ஜீப்பைத்தான் தேடுவார்கள். அந்த மாதிரி ஒரு நாள் மாமாவோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ஆற்றின் நடுவில் ஒரு பாறையில் இடது முன் சக்கரம் ஏறியபோது எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"இன்னா தெரியுதுடா?"

"இந்தப் பக்கம் ஏறுது மாமா, அந்தப் பக்கம் இறங்குது."

"அதான். இது ஏற ஏற அது கீழ அமுங்கும். தரையை விடாது."

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிற காவடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் கிடக்கிற தண்டின் ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழ்ந்தே ஆக வேண்டும். முழு ஆக்சிலின் பலமும் பலவீனமும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது. பாறைமேல் ஏறிய சக்கரம் தன் கூட்டாளியைத் தரையில் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டிலும் பிடிப்பு மிஞ்சுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆக்சிலின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டி சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், பாரம் ஏறினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையாது. தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் அந்தப் பெட்டி சேஸோடு நிற்கிறது. சமதளத்தில் உயரமாகத் தெரியும். சக்கரங்கள் அமுங்குகிற நேரத்தில் சேஸோடு சேர்ந்து அதுவும் பாறையை நோக்கி இறங்கி வரும்.

இதே குணம் தார் ரோட்டில் எப்படித் திரும்பிக் கடிக்கிறது என்பதை வேறொரு ஜீப்பில் பார்த்தேன். பள்ளிப்பட்டிலிருந்து திரும்பும்போது ஐம்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. வலது சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அடுத்த நொடி ஸ்டீயரிங் டிரைவரின் கையை உதறிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. முன்பக்கம் முழுக்க ஆடியது. பின்னால் இருந்த பெண்கள் கத்தினார்கள். வண்டி கிட்டத்தட்ட நிற்கிற வரைக்கும் அந்த ஆட்டம் ஓயவில்லை.

ஏன் அப்படி ஆடுகிறது என்பதைப் பாலிடெக்னிக்கில் எங்கள் ஆசிரியர் ஒரு சைக்கிள் சக்கரத்தை வைத்துக் காட்டினார். அச்சின் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்து, சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, "இப்ப ஒரு பக்கமாச் சாய்" என்றார். சாய்த்தேன். சக்கரம் சாய்வதற்குப் பதிலாகத் திரும்பியது. கை மணிக்கட்டோடு முறுக்கிக்கொண்டு போனது. முழு ஆக்சிலில் ஒரு பக்கம் ஏறினால் இரண்டு சக்கரமும் சாய்கின்றன. சுற்றிக்கொண்டிருக்கிற சக்கரம் சாய்ந்தால் திரும்பப் பார்க்கும். திரும்பினால் மறுபடி சாயப் பார்க்கும். கிங் பின் பேரிங்கும் டை ராடும் சாக்கிள் புஷ்ஷும் இறுக்கமாக இருக்கிற வரை இந்தச் சண்டை வெளியே தெரியாது. தேய்ந்த பிறகு ஒன்றையொன்று தூண்டிவிட்டு வளர்ந்துகொண்டே போகும்.

கார் செய்கிறவர்கள் முழு ஆக்சிலைக் கைவிட்டதற்கு இந்த ஆட்டம் ஒரு முக்கியமான காரணம். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 1934 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முன் சக்கரங்கள் தனித்தனியாயின. அதற்கு முன்பே 1922-இல் இத்தாலியில் தனித்தனி முன் சக்கரங்களோடு லான்சியா லாம்ப்டா வந்திருந்தது. முன் பட்டைகளை மெதுவாக்கினால் பயணம் சுகமாகும். ஆனால் முழு ஆக்சிலை மெதுவான பட்டையில் தொங்கவிட்டால் ஆட்டம் கூடும். சுகமும் வேண்டும், ஆட்டமும் கூடாது என்றால் இரண்டு சக்கரத்தையும் பிரித்தே ஆக வேண்டும்.

மாமாவின் வைத்தியம் எளியது. தேய்ந்ததை மாற்றுவார். பிறகு இரண்டு முன் சக்கரத்திலும் சாக்பீஸால் குறி போட்டு, ஒரு கழியால் சக்கரங்களுக்கு நடுவே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளப்பார். முன்னால் ஒரு நூல் குறைவாக இருக்க வேண்டும். டை ராடைத் திருகித் திருகி அதைக் கொண்டுவருவார். அந்த ஜீப்பும் அப்படித்தான் சரியானது.

தனித்தனிச் சக்கரம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மலைக் கோயிலுக்கு 365 படி ஏறிப் போகிறவர்கள் ஒரு பக்கம். வண்டிப்பாதையில் அம்பாசிடரில் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த அம்பாசிடரின் முன்பக்கத்தில் பட்டையும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. டார்ஷன் பார் என்ற நீளமான எஃகுத் தடி. ஒரு முனை ஆர்மில், மறுமுனை வண்டியின் அடியில் பூட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் தடி முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் அவிழும். மலைப்பாதை வளைவில் அம்பாசிடரும் ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதைக் கீழிருந்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஜீப்பின் முன்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் துள்ளி, ஒரு சாண் வெளியே போய், திரும்ப வரிசைக்கு வரும். அம்பாசிடர் போட்ட கோட்டில் போகும்.

1994-இல் டாடா சுமோ வந்தது. முன்னால் டார்ஷன் பார், தனித்தனிச் சக்கரம். பின்னால் முழு ஆக்சில், பட்டை. அதற்கடுத்து 2000-இல் மஹிந்திரா பொலேரோ வந்தது. அதிலும் முன்னால் தனித்தனி, பின்னால் பட்டை. ஷேர் ஜீப்புகள் நின்ற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இந்த வகை வண்டிகள் நிற்கத் தொடங்கின. ஸ்டீயரிங் உதறுகிற கதை அத்தோடு முடிந்தது. பள்ளிப்பட்டு ரோட்டில் பயம் இல்லாமல் போகலாம் என்று ஆனது பெரிய விஷயம். அந்த நாளில் அந்தப் பெண்கள் கத்திய சத்தம் கேட்டவன் என்கிற முறையில், தனித்தனிச் சக்கரத்தை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் பட்டறைக்கு வேறு விதமான வண்டிகள் வரத் தொடங்கின. டார்ஷன் பாரின் முனையில் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் வண்டியின் முன்பக்கம் உயரும். கூட ஆள் ஏற்றுவதற்காக ஓட்டுநர்கள் அதைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள். ஆர்ம் தொங்கிப் போய், சக்கரம் சாய்ந்து, டயரின் விளிம்பு சீவியது போலத் தேய்ந்திருக்கும். பால் ஜாயின்ட் கிழிந்து கிரீஸ் வழியும். முழு ஆக்சில் அத்துமீறலைத் தாங்கிக்கொள்ளும். இது தாங்காது, ஆனால் என்ன கெட்டிருக்கிறது என்று வெளியே சொல்லவும் சொல்லாது. கையால் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் மாமா நெம்புகோலைக் கொடுத்து ஆர்மைத் தூக்கிப் பார்ப்பார்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. சுகம் வந்தது முன்பக்கத்துக்கு மட்டும்தான். டிரைவரும் பக்கத்தில் இருப்பவரும் தனித்தனிச் சக்கரத்தின் மேல் போனார்கள். பின்னால் பக்கவாட்டுப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தவர்கள், அதாவது பாவு நூல் கட்டோடு வருகிற நெசவாளிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், திருத்தணி ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகள், நேராகப் பின் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பட்டைகள் முழுப் பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. ஆள் குறைவாக இருந்தால் அசையவே அசையாது. குழியின் அடி அப்படியே முதுகுத்தண்டுக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டுகிற வண்டி வந்தால் மாமா சொந்தக்காரரிடம் மன்றாடுவார்: "சின்னப் பசங்கதானேய்யா போறாங்க. ஒரு பட்டையைக் கழட்டிடறேன். ஆனா ஆளை ஏத்தக்கூடாது, சொல்லிட்டேன்." சிலர் ஒத்துக்கொள்வார்கள். பெரும்பாலோர், முகூர்த்த நாளில் கல்யாண சவாரி வருமே மேஸ்திரி என்று சொல்லிப் போய்விடுவார்கள்.

மாமா காலமான பிறகு பட்டறை கைமாறிவிட்டது. நான் வாகன உதிரிபாகத் தொழிலிலேயே சென்னையில் காலம் தள்ளினேன். அதற்குள் உலகம் ரொம்ப தூரம் போய்விட்டது. 2010-இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇயின் முன்பக்கம் தனித்தனியானது. 2020-இன் புதிய தாரில் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னாலும் பட்டை போய்ச் சுருள். ஃபோர்ஸ் கூர்க்கா 2017-இல் இரண்டு பக்கமும் முழு ஆக்சிலைச் சுருள் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுப் பார்த்தது. 2021-இல் முன்பக்கத்தைத் தனித்தனியாக்கிவிட்டது. மெர்சிடிஸ் ஜி வேகனே 2018-இல் முன் ஆக்சிலை விட்டுக் கொடுத்தது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் புதிதாக வந்தபோது நான்கு சக்கரமும் தனி. மறுபக்கம் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 வரிசையும் ஜீப் ராங்ளரும் முழு ஆக்சிலை விடவில்லை. 2023 ஜூனில் இங்கே வந்த மாருதி ஜிம்னியும் அப்படித்தான். சுருள் ஸ்பிரிங் மட்டும் புதுசு.

என் அக்கா மகன் இந்த வாதத்தில் தலைகீழாக நின்றவன். முழு ஆக்சில் இல்லாதது வண்டியே இல்லை என்பான். தனித்தனிச் சக்கரம் என்றாலே ஆபத்து என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் எம் 151-ஐ இழுப்பான். அறுபதுகளில் ஜீப்புக்குப் பதிலாக வந்து, திருப்பங்களில் கவிழ்ந்து பெயர் கெட்ட வண்டி அது. அதில் வில்லன் முன்பக்கம் அல்ல, பின் சக்கரங்களை ஊசலாட விட்ட அமைப்பு என்று எடுத்துச் சொன்னேன். அதே ராணுவம் எண்பதுகளில் ஹம்வீயை நான்கு சக்கரமும் தனியாக வைத்துத்தான் எடுத்தது. பாலைவனத்தில் வேகமாக ஓட வேண்டும் என்றால் அது வேண்டும்.

போன வருஷம் அவன் வண்டி வாங்குகிற நேரம் வந்தது. நகரி மூக்கு மலை தெரிகிற ஒரு பழைய குவாரிப் பாதைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், நண்பர்களிடம் வாங்கி வந்த இரண்டு வகை வண்டியையும் ஓட்டிக் காட்டினான். கல்லில் முழு ஆக்சில் அழகாக ஏறியது. ஒரு சக்கரம்கூட காற்றில் நிற்கவில்லை. மற்றது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று, எலெக்ட்ரானிக் பிரேக்கின் உதவியோடு சமாளித்து ஏறியது. அங்கே யார் ஜெயித்தார்கள் என்பதில் கேள்வியே இல்லை. "சொல்லு மாமா" என்றான்.

வாரா வாரம் அவன் செய்கிற வேலை கல் ஏறுவதல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து கிளம்பித் திருத்தணி வந்து, சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், மலைக்கு ஏற்றி சாமி கும்பிட வைத்து, ஞாயிறு ராத்திரி திரும்புவது. அக்காவுக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். திருவள்ளூர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். நான் அதைத்தான் சொன்னேன். ஆற்றில் இறங்க வேண்டியிருந்தால் ஜிம்னியை எடுத்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். இவனுக்கு ஆறு எங்கே இருக்கிறது?

ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுத் தனித்தனிச் சக்கர வண்டியையே பதிவு செய்தான். டெலிவரி அன்று அக்காவை முன்னிருக்கையில்தான் ஏற்றினோம். பின்னால் உட்கார்ந்து வருகிறேன், முன்னால் வெயில் அடிக்கிறது என்று அவர் சொன்னார். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. பின்னிருக்கையில் நான் உட்கார்ந்தேன். திருவள்ளூர் தாண்டுகிற வரை பின் ஆக்சில் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு குழிக்கும் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.